ஒரு மணி நேரம் சிம்பன்சி, மீதி நாளெல்லாம் தண்ணீரும் மலையும்

முதல் நாள், கிகோமா

டார் எஸ் சலாமுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் மிக்குமி பூங்காவுக்கு அழைத்துப் போவேன், காரில் ஒரே நாளில் போய்விடலாம், யானை நிச்சயம், அதிர்ஷ்டம் இருந்தால் சிங்கம். இந்த முறை வந்திருப்பது மச்சினன். படிப்பை முடித்துவிட்டு வேலையில் சேருவதற்கு முன் ஒரு மாதம் திருநெல்வேலியில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். வந்த மறுநாளே, "அத்தான், எல்லாரும் போற இடம் வேண்டாம், போறதுக்கே கஷ்டமா இருக்கணும்" என்றான். கேட்டது அவன்தான் என்பதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்படித்தான் மஹாலே. தான்சானியாவின் மேற்கு ஓரம், டாங்கனிகா ஏரிக்கரையில் செங்குத்தாக எழும் மலை, அதில் காட்டுச் சிம்பன்சிகள். சிம்பன்சி என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் கொம்பே, சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960இல் போய் உட்கார்ந்த காடு, அதுவும் இதே ஏரிக்கரைதான், கிகோமாவில் இருந்து வடக்கே கொஞ்ச தூரம். ஆனால் கொம்பே கைக்குட்டை அளவு, 50 சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மஹாலே 1,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். தெற்கே 120 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், பூங்காவுக்குள் வண்டி ஓடும் சாலை கிடையாது, எல்லாம் படகும் காலும்தான். மச்சினனுக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

டாரில் இருந்து கிகோமாவுக்கு ரயிலும் உண்டு, ஜெர்மானியர்கள் 1914இல் கொண்டுவந்து சேர்த்த பாதை, இரண்டு நாள் ஓடும். எனக்கு அவ்வளவு விடுமுறை இல்லை. விமானத்தில் வந்து இறங்கி மத்தியானம் உஜிஜி பார்த்தோம், 1871இல் பத்திரிகைக்காரர் ஸ்டான்லி, தகவலே இல்லாமல் போயிருந்த ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டனைத் தேடிப் பிடித்த இடம். ஒரு நினைவுக்கல், சில மாமரங்கள், அவர்கள் சந்தித்த பழைய மாமரத்தின் வழிவந்தவை என்கிறார்கள். அரை மணி நேரம் போதும்.

எனக்கு அதைவிடத் துறைமுகம்தான் பிடித்தது. லியெம்பா என்ற கப்பலின் கதை தெரியாதவர்களுக்கு: 1913இல் ஜெர்மனியில் கட்டி, கழற்றிப் பெட்டி பெட்டியாக அனுப்பி, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். முதல் உலகப்போரில் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று 1916இல் ஜெர்மானியர்களே ஏரியில் மூழ்கடித்தார்கள், இயந்திரத்துக்கு நன்றாகக் கிரீஸ் தடவிவிட்டு. 1924இல் ஆங்கிலேயர்கள் தூக்கி, துடைத்து, 1927இல் ஓட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் தலைமுறை தலைமுறையாக இந்த ஏரியில் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு போய்வந்தது. நாங்கள் போன நேரம் அது ஓடவில்லை. ஓடியிருந்தால் அதில்தான் போயிருப்பேன், இன்று இரவு இந்தப் பயணத்தில் இருக்கும் ஒரே வருத்தம் அதுதான்.

இரண்டாம் நாள், ஏரியில்

விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும் என்று படகுக்காரர் சொல்லியிருந்தார், வெயில் ஏறினால் தெற்கில் இருந்து காற்று வரும், அலை எழும். நாங்கள் ஐந்து மணிக்கே கரையில் நின்றோம். படகு கிளம்பியது ஏழே காலுக்கு. டீசல் வாங்கப் போனவர், கயிறு வாங்கப் போனவர், அந்தக் கயிறு வாங்கப் போனவரைத் தேடிப் போனவர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள்.

மரப்படகு, பின்னால் ஒரு மோட்டார், மேலே தார்ப்பாய். முதல் மூன்று மணி நேரம் சொர்க்கம். தண்ணீர் அவ்வளவு தெளிவு, கரையோரமாகப் போகும்போது அடியில் உள்ள பாறையும் அதைச் சுற்றும் வரிவரியான சிறு மீன்களும் தெரிகின்றன. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு டாங்கனிகா சிக்லிட் என்றால் தெரியும், இங்கே இருக்கும் அந்த வகை மீன்களில் ஏறக்குறைய எல்லாமே உலகில் வேறெங்கும் கிடையாது. ஆழமான இடத்தில் 1,470 மீட்டர். ஏரியின் மேல்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 770 மீட்டர் சொச்சம் என்பதால், ஏரியின் அடி கடல் மட்டத்துக்கும் 700 மீட்டர் கீழே கிடக்கிறது. மச்சினன் இதைக் கேட்டுவிட்டு எட்டிப் பார்த்தான், பிறகு நடுப்பலகைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

பத்தரைக்குக் காற்று வந்தது. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அலைக்கும் படகின் மூக்கு எழும்பி டொப்பென்று விழும், ஒரு வாளித் தண்ணீர் முன்னால் இருப்பவர் மேல் கொட்டும், முன்னால் இருந்தது மச்சினன். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தான். இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் ஒருமுறை கேட்டேன், வேண்டாம் என்றான், நான் இரண்டாவது முறை கேட்கவில்லை. இதுவும் பின்னால் வரும்.

பிலெங்கேயில் பூங்கா அலுவலகம். பணம் கட்டி, பெயர் எழுதி, மறுபடி படகில் கொஞ்சம் தெற்கே போய்த் தங்கும் இடம். இங்கே குடிலுக்குப் பாண்டா என்று பெயர், மச்சினன் கரடியைத் தேடினான். மாமரங்களுக்குக் கீழே நாலைந்து குடில்கள், முன்னால் மணல், அதற்கு முன்னால் ஏரி, அதற்கு அந்தப் பக்கம் காங்கோவின் மலைகள், பொழுது சாயும்போது ஊதா நிறத்தில் ஒரு கோடு மாதிரி. பின்னால் திரும்பினால் இன்னொரு மலை முகத்தில் இடிக்கிறது. உச்சி ங்குங்வே, 2,462 மீட்டர், இந்த மண்ணின் டோங்வே மக்களுக்கு அது சாமி மலை.

செல்போனில் சிக்னல் இல்லை. தினமும் இரவில் போனிலேயே எழுதி வைத்து, கிகோமா திரும்பியதும் ஒவ்வொரு நாளாகப் போடுகிறேன்.

இப்போது வெளியே ஏரியில் ஒரு ஊரே எரிகிறது மாதிரி விளக்குகள். டகா பிடிக்கிறவர்கள். டகா என்றால் நம் நெத்திலி மாதிரி ஒரு பொடி மீன், அமாவாசைப் பக்கம் இருட்டில் விளக்கைக் காட்டினால் கூட்டமாக மேலே வரும். பூங்காவின் எல்லை தண்ணீருக்குள்ளும் 1.6 கிலோமீட்டர் போகிறது, அதற்குள் வலை போடக் கூடாது, அதனால்தான் அந்த விளக்குகள் எல்லாம் கரையை விட்டு அவ்வளவு தள்ளி, யாரோ நூல் பிடித்து நிறுத்தின மாதிரி நிற்கின்றன.

மூன்றாம் நாள், மலையில்

இன்று சிம்பன்சியைப் பார்க்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழிகாட்டிக்கு அறுபது வயது இருக்கும், நாங்கள் ம்ஸே என்றுதான் கூப்பிட்டோம், ஸ்வாஹிலியில் பெரியவர் என்று அர்த்தம், மரியாதையான சொல். காலையில் அவரைப் பார்த்ததும் மச்சினன் நான் சொல்லிக் கொடுத்தபடி "ஷிகாமூ" என்றான். வயதில் மூத்தவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது, நேர் அர்த்தம் உங்கள் பாதத்தைத் தொடுகிறேன் என்பது போல. ம்ஸே "மரஹபா" என்று சிரித்தார். அதற்குப் பின் அவருக்கு நான் கண்ணில் படவே இல்லை, எல்லாக் கதையும் அவனுக்குத்தான்.

முறை இதுதான். விடியும் முன்பே தடம் பார்ப்பவர்கள் மலையேறிவிடுவார்கள். சிம்பன்சிகள் தினமும் சாயங்காலம் மரத்தில் கிளையை வளைத்துப் புதுக் கூடு கட்டித்தான் தூங்கும், நேற்றைய கூடு எங்கே என்று தெரிந்தால் இன்றைய தேடலை அங்கிருந்து தொடங்கலாம். கண்டுபிடித்ததும் ரேடியோவில் தகவல் வரும், நாம் பின்னால் போய்ச் சேர வேண்டும். செப்டம்பர் நல்ல மாதம், மழை இல்லை, பழம் பழுத்திருப்பதால் தாழ்வான சரிவுகளுக்கு வரும் என்றெல்லாம் படித்திருந்தேன். சிம்பன்சிகள் அதைப் படிக்கவில்லை.

ஆறு மணி நேரம் நடந்தோம். ஏற்றம் என்றால் நம் குற்றாலத்தில் செண்பகாதேவிக்கு ஏறுவது போலப் படிப்படியாக இல்லை, கொடியைப் பிடித்து ஏறி வேரைப் பிடித்து இறங்குவது. இரண்டு தடவை தூரத்தில் சத்தம் கேட்டது. மெதுவாக ஹூ ஹூ என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி வாங்கி ஏறி, கடைசியில் கூட்டமாக அலறலாக உடைகிறது, உடம்பு சிலிர்த்துவிட்டது. ரேடியோவில் ஏதோ பேசினார்கள். நாங்கள் போவதற்குள் அடுத்த பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்விட்டன. ஆண்கள் கூட்டம், எல்லையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியிருக்கும், இனி இன்று பிடிக்க முடியாது என்றார் ம்ஸே.

ஆனால் நாள் வீணில்லை. நடுக்காட்டில் ஓர் இடத்தில் எண்ணெய்ப் பனைகளும் மாமரங்களும் வரிசையாக நின்றன. காட்டில் ஏது வரிசை? அது ஊர். டோங்வே மக்கள் இருந்த ஊர், 1985இல் தேசியப் பூங்காவாக அறிவிப்பதற்கு முன்பே ஆட்களை வெளியே கொண்டுபோய்விட்டார்கள், வீடுகள் மண்ணாகிவிட்டன, மரங்கள் மட்டும் இன்னும் காய்க்கின்றன. நேற்று இரவு "ஆகா, மாமரத்தடி" என்று படுத்திருந்த குடிலின் மரமும் யாரோ வைத்ததுதானே என்று அப்போதுதான் உறைத்தது. ம்ஸேயும் டோங்வேதான். இது யார் மரம் என்று மச்சினன் கேட்டான். அவர் கையை வீசி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இரண்டு பெயர்கள் சொன்னார், அவ்வளவுதான், நடந்துவிட்டார்.

இந்தக் காட்டில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர் டோஷிசாடா நிஷிடா, கியோட்டோ பல்கலைக்கழகத்துக்காரர், 1965இல் வந்தார். ஆளைக் கண்டாலே ஓடும் சிம்பன்சிகளைப் பழக்க அவர் கரும்பும் வாழைப்பழமும் வைத்தார். கரும்பைத் தோட்டமாகவே போட்டார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது, யானையைப் பழக்கவும் கரும்பு, இவர்களைப் பழக்கவும் கரும்பு. முதலில் பழகியது கே குழு. அடுத்தது அதன் தெற்கே இருந்த எம் குழு, நாங்கள் தேடுவது அதைத்தான், அறுபது பேர் அளவில் இருப்பார்கள். கே குழுவின் ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய் 1980களின் தொடக்கத்தில் அந்தக் குழுவே இல்லாமல் ஆயிற்று. பெண்கள் பலர் எம் குழுவுக்கு மாறிவிட்டார்கள்.

எம் குழுவில் ந்டோலோகி என்று ஒரு தலைவன், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆண்டவன். அவன் தந்திரம் கறி. செங்கொலோபஸ் குரங்கை வேட்டையாடினால் கறி அவன் கைக்கு வந்துவிடும், அதைத் தனக்குப் போட்டியாக வரக்கூடியவனுக்குத் தரமாட்டான், தன் பக்கம் நிற்பவர்களுக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பான். பதவி போனதும் ஒதுக்கி வைத்தார்கள், 1995இல் அடித்தே கொன்றுவிட்டார்கள். "அத்தான், இது நம்ம ஊர்ல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றான் மச்சினன். அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடுவோம்.

இறங்கும் வழியில் ஒரு செடியைக் காட்டினார், டோங்வே மக்களுக்கு அது வயிற்றுக் கோளாறுக்கு மருந்து. 1987இல் சௌசிகு என்ற பெண் சிம்பன்சி உடம்பு சரியில்லாமல் சுருண்டு கிடந்து, இந்தச் செடியின் தண்டை ஒடித்து, பட்டையை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் கசப்புச் சோற்றை மட்டும் மென்று சாற்றைக் குடித்தாள். அடுத்த நாள் எழுந்து நடமாடினாள். அதைப் பார்த்துப் பதிவு செய்த இருவரில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர், மற்றவர் இங்கத்திய டோங்வே பெரியவர் ஒருவர், செடியைப் பார்த்ததும் இது மருந்து என்று சொன்னவர் அவர்தான். குடற்புழுவுக்கு அது வேலை செய்கிறது என்று பின்னால் கண்டார்கள்.

இரவு சாப்பிடும்போது மச்சினன் இரண்டு தும்மல் போட்டான். படகு ஈரம்.

நான்காம் நாள், அந்த ஒரு மணி நேரம்

காலையில் தும்மல் நாலைந்து ஆகியிருந்தது, தொண்டை கட்டியிருந்தது. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "அத்தான், மாஸ்க் போட்டா யாருக்குத் தெரியும்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது என்றால் சரி என்றுதான் அர்த்தம், அவ்வளவு தூரம் வந்திருக்கிறான், நேற்று ஆறு மணி நேரம் வெறும் கையோடு நடந்திருக்கிறான்.

கிளம்பும் முன் வழக்கம்போல விதிகளைச் சொன்னார்கள். ஒரு குழுவில் ஆறு பேர், பத்து மீட்டர் இடைவெளி, முகமூடி கட்டாயம், முதல் சிம்பன்சியைக் கண்டதில் இருந்து ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது. சளி, இருமல், காய்ச்சல் யாருக்காவது உண்டா என்று காவலர் கேட்டார். நம்முடைய சாதாரணச் சளி அவற்றைக் கொன்றுவிடும். 2006இல் இதே எம் குழுவில் சுவாசத் தொற்று பரவிப் பத்துப் பேருக்கு மேல் செத்தோ காணாமலோ போயின. முகமூடி வந்ததே அதற்கு அப்புறம்தான் என்றார் ம்ஸே. எத்தனை என்று சொல்லும்போது அவர் விரல் விட்டு எண்ணினார், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெயர் சொன்னார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சினன் கையைத் தூக்கினான். "எனக்கு" என்றான்.

சரி, அதற்கு மேல் பேச்சு இல்லை. அவன் குடிலுக்குத் திரும்பிவிட்டான், நான் நடந்தேன். நாற்பது நிமிடத்தில் பார்த்துவிட்டோம். நாற்பது நிமிடம்! ஏற்றம்கூட இல்லை, ஓடையை ஒட்டின சமதளம்.

முதலில் பார்த்தது முதுகு. நடைபாதையின் குறுக்கே ஒரு பெரிய ஆண் கவிழ்ந்து படுத்திருந்தது, பக்கத்தில் இன்னொன்று உட்கார்ந்து அதன் முதுகு மயிரைக் கோதிக்கொண்டிருந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்தது, ஆள் பார்க்கிற பார்வை இல்லை, பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் வந்து நிற்கிறவரைப் பார்க்கிற பார்வை. பத்து மீட்டர் விதி அவற்றுக்குத் தெரியாது என்பதால் அவை வந்தால் நாம்தான் பின்வாங்க வேண்டும், பாதை ஓரப் புதருக்குள் முள் குத்தக் குத்த நான் போய் நின்றேன்.

கோதும்போது நடுநடுவே முதுகை நீளமாகச் சொறிந்துவிடுகிறது, கரக் கரக் என்று சத்தம் எனக்கே கேட்கிறது. எங்கள் ஆச்சி வெயில் காலத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள், அதே சத்தம். இப்படி அடுத்தவர் முதுகைச் சொறிந்துவிடும் பழக்கம் எல்லாக் காட்டுச் சிம்பன்சிகளுக்கும் கிடையாதாம், இங்கே உண்டு. பிறகு இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கோத்துக்கொண்டு, மற்றக் கையால் ஒன்றின் அக்குளை மற்றொன்று பார்த்துவிட்டன. கோயில் வாசல் வளைவு மாதிரி அந்தக் கைகள் ரொம்ப நேரம் அப்படியே நின்றன. இதை முதன்முதலில் பார்த்து எழுதியது இந்த மலையில்தான், 1970களில், கொம்பேயில் இந்தப் பழக்கம் இல்லை. ஒரே ஏரி, ஒரே கரை, வேறு வேறு வழக்கம். தாமிரபரணிக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் சாம்பாரில் வேறுபடுவதில்லையா?

கொஞ்சம் தள்ளி ஒரு பெண், வயிற்றில் குட்டி. மரப்பொந்துக்குள் ஒரு மெல்லிய குச்சியை விட்டு, காத்திருந்து, இழுத்து, உதட்டால் உருவியது. பெரிய கட்டெறும்பு. குட்டி ஒரு துண்டுக் குச்சியை எடுத்துத் தப்பான பொந்தில் விட்டு, இழுத்து, நக்கிப் பார்த்து, மறுபடி விட்டது. அம்மா கவனிக்கவே இல்லை. ஒரு எறும்பு அம்மாவின் கையில் கடித்திருக்கும் போல, உதறினாள், குட்டியும் உதறியது.

நாற்பதாவது நிமிடம் என்று நினைக்கிறேன், மேலே இருந்து ஒரு இளம் ஆண் மயிரெல்லாம் சிலிர்க்க ஒரு கிளையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தது. ம்ஸே என் தோளைப் பிடித்து மரத்தோடு சேர்த்து நிறுத்தினார். அது எங்களைக் கடந்து ஓடைக்குள் இறங்கி, குழந்தை தலை அளவு கல்லைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தது. டமார். இன்னொன்று. டமார். படுத்திருந்த பெரியது தலையைக்கூடத் தூக்கவில்லை. இளையது கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்து இலையைக் கிள்ளித் தின்றது.

காவலர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். முகமூடிக்குள் என் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சளி இல்லை.

குடிலில் மச்சினன் இல்லை, சமையல்கூடத்தில் இருந்தான். ஊரில் இருந்து கொண்டுவந்த புளியும் மிளகும் வைத்து ரசம் வைத்திருக்கிறான், சமையல்காரர் குடித்துப் பார்த்துவிட்டு "டாவா" என்று தலையாட்டியிருக்கிறார், மருந்து. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினாராம். பதிலுக்கு டகாவைத் தக்காளி போட்டு எப்படி வதக்குவது என்று இவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். எப்படி இருந்தது என்று அவன் கேட்டான். நன்றாக இருந்தது என்றேன். போட்டோவைக் காட்டட்டுமா என்றதற்கு, "நாளைக்குக் காட்டுங்க அத்தான்" என்றான்.

ஐந்தாம் நாள், திரும்பி

காற்றுக்கு முன் கிளம்பிவிட வேண்டும், இந்த முறை நிஜமாகவே ஆறு மணிக்குப் படகு தயார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். மச்சினன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றான். அப்போது மலையில் ஆரம்பித்தது, ஹூ, ஹூ, ஏறி ஏறி, ஒரு பக்கம் கேட்டதும் இன்னொரு பக்கம் பதில், கிட்டத்தில், குடிலுக்குப் பின்னால் உள்ள முதல் மடிப்பில் இருந்து என்றுதான் தோன்றியது. படகுக்காரர் மோட்டார் கயிற்றில் கை வைத்திருந்தவர் இழுக்காமல் நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். அடங்கியது. இன்னும் கொஞ்சம் பார்த்தார், பிறகு இழுத்தார்.

திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம், அலை தள்ளிக்கொண்டே வந்தது. முன்பலகையில் நான் உட்கார்ந்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. வழியில் பூங்காவுக்கு வெளியே ஒரு மீனவ ஊரில் நிறுத்தினார்கள், மணலில் டகாவைப் பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள், வாசனை அப்படியே தூத்துக்குடி. மச்சினன் மூன்று கிலோ கருவாடு வாங்கினான்.

கிகோமா நெருங்கும்போது போனில் சிக்னல் வந்தது, வந்த வேகத்தில் அவன் அக்கா கூப்பிட்டாள், ஸ்பீக்கரில் போட்டான்.

"குரங்கு பாத்தியாடா?"

"கேட்டேன்க்கா."

"யார்கிட்டடா கேட்ட? என்னன்னு கேட்ட?"

அவன் போனை என்னிடம் நீட்டிவிட்டு, கருவாட்டை இன்னொரு கவரில் போட்டுக் கட்டப் போனான்.